ஏகாம்பரம் அண்ணனுக்கு இரண்டாவது அஞ்சலி

போன மாதம் ஒரு காலை, பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ரவியிடமிருந்து போன் வந்தது. ரவி, நம் தெருவின் மிலிட்டரி ஏகாம்பரம் அண்ணனின் மகன். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு வருடமாக அவன் என்னிடம் பேசுவதில்லை. "சார், அப்பா போயிட்டாரு," என்றான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நீங்க நேர்ல வந்து கண்ணால பாத்துட்டு, அப்புறமா குரூப்ல போடணுமாம்," என்றான்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதிரே வந்த நம் தெருப் பெருமாள், "இன்னா சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

சேலையூரில் நம் தெருவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. ஆனால் நம் சங்கம் போடும் இந்த மலர் அடுத்த தெருக்களுக்கும் போகிறது, வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளும் படிப்பார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன், நம் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். இங்கே யார் வீட்டில் துக்கம் நடந்தாலும் கண்ணீர் அஞ்சலி வாசகம் எழுதுவது நான்தான். ஏகாம்பரம் அண்ணனுக்கு நான் எழுதும் இரண்டாவது அஞ்சலி இது. முதலாவதை அவரே நின்று படித்தார்.

அண்ணன் மாடம்பாக்கத்துக்காரர். அப்பா ஏரிக்கரைக்குக் கீழே பயிர் வைத்தவர். இருபது வயதில் ராணுவத்தில் சேர்ந்து, சிக்னல் பிரிவில் டெலிபோன் ஒயர் இழுக்கும் வேலையில் இருந்து, எழுபத்தொன்றில் நடந்த போரையும் பார்த்துவிட்டு வந்தவர். பிறகு டெலிபோன் டிபார்ட்மெண்டில் லைன்மேன். கேம்ப் ரோட்டுக்கு இந்தப் பக்கம் முள்ளும் பள்ளமுமாகக் கிடந்த காலத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். மகளை ஊரப்பாக்கத்தில் கொடுத்தார். மகனும் மருமகளும் பேத்தியும் கூடவே இருந்தார்கள். எண்பதை நெருங்கும்வரை அந்தக் குடும்பத்தில் காய்கறி வாங்குவது, கரண்ட் பில் கட்டுவது, பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றுவது எல்லாம் அவர் வேலைதான்.

அவர் கடைக்குக் கிளம்பும் காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து கமலா அக்கா, அவர் மனைவி, என்னென்ன வேண்டும் என்று சொல்வார். இவர் கேட்டருகே ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "கத்திரிக்கா அரைக் கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, கருவேப்பிலை, கோலமாவு," என்று திருப்பிச் சொல்வார். அக்கா "ஆமா" என்று சொல்லும்வரை வண்டி நகராது. சொன்ன பிறகு இவர் "கரெக்ட்" என்று ஒரு தடவை தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு கிளம்புவார். "ஐம்பது வருசமா இதே பேஜார்," என்று அக்கா அலுத்துக்கொள்வார். ஒரு நாள் நான் சும்மா இருக்காமல், "என்ன அண்ணா, அக்காகிட்ட அவ்வளவு பயமா?" என்று சீண்டினேன். "சிக்னல்ல அதான் ரூல், வாத்தியாரே. கேட்டதத் திருப்பிச் சொல்லணும். அவன் ஆமான்னு சொன்னப்புறம்தான் அடுத்தவனுக்கு அனுப்பணும்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காம்பவுண்டுச் சுவர்மேல் வீட்டிலுள்ள ஷூக்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். மகனுடையது, பேத்தியுடையது, மருமகள் ஆபீசுக்குப் போட்டுப்போவது. அண்ணன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பாலிஷ் போடுவார். மருமகள் முதலில் சங்கடப்பட்டு ஷூவை ஒளித்து வைத்துப் பார்த்தாள். தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "மாமனார் மருமக ஷூவுக்குப் பாலிஷ் போடறது இங்கதான்பா கீது," என்று பெருமாள் வாசலில் நின்று கேலி செய்தார். அண்ணன் தலைநிமிரவில்லை. "பட்டாளத்துல ஆபீசர் ஷூவுக்குப் போட்டேன். இப்ப நம்ம வூட்டு ஆபீசர் அதுதானே," என்றார்.

அவரை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்ற அவரைத்தான் அழைப்போம். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லையிலே எதிரிகளைப் பந்தாடியவர், பனியிலும் குண்டுமழையிலும் நின்றவர் என்று முழங்குவேன். எனக்கு அதெல்லாம் யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ராணுவம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். நான் பேசும்போது அவர் கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன்னடக்கம் என்று அதையும் பாராட்டிப் பேசிவிடுவேன்.

சென்ற ஆண்டு அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்சில் தூக்கிப்போனார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து இரங்கல் வாசகத்தை எழுதி வைத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. அதற்கு முந்தைய மாதம் எதிர்வரிசையில் ஒரு அம்மா தவறிப்போனபோது நம் பொருளாளர் எனக்கு முன்னால் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டுவிட்டார். எல்லோரும் அவருக்குக் கீழேதான் கைகூப்பினார்கள். செயலாளர் நான் இருக்க அவர் எப்படி முந்தலாம் என்று மனசுக்குள் ஒரு அரிப்பு. இந்த முறை தயாராக இருப்போம் என்று நினைத்தேன்.

நான்கைந்து நாள் கழித்து, காலையில் வாக்கிங் போய்விட்டு வரும்போது, அண்ணன் வீட்டு கேட்டுக்கு நேராக ஒரு வேன் நிற்கிறது. ஃப்ரீசர் பாக்ஸ் வண்டி. இரண்டு பேர் பெட்டியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு விநாடி திக்கென்றது, உண்மை. ஆனால் அடுத்த விநாடியே கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. எழுதி வைத்திருந்ததை அப்படியே அனுப்பினேன். "எல்லையில் எதிரிகளைப் புறமுதுகிட்டு ஓடச் செய்த மாவீரர், நம் தெருவின் பெருமை, இன்று வீரசுவர்க்கம் எய்தினார்." பாதாளச் சாக்கடைக்காக அவர் வீட்டைத் தாண்டித் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள் என்பதும், வண்டி அதற்கு மேல் போக முடியாமல் அங்கே நின்றது என்பதும், பெட்டி பின்தெருவில் வேறொரு வீட்டுக்கு என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அந்த இரண்டு பேரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான்கு அடி தூரத்தில்தான் நின்றார்கள்.

மற்றது உங்களுக்கு நினைவிருக்கும். நானும் மறக்கவில்லை. குரூப்பில் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. பொருளாளர் ப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டு, போன குடியரசு தினத்துப் போட்டோவையும் என் வாசகத்தையும் அனுப்பினார். ரோஜா மாலையோடு பெருமாள் வந்தார். தெருவே அந்த வீட்டுக்குள் நுழைந்தது. கமலா அக்கா அடுப்படியில் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பெண்கள் இரண்டு பேர் அப்படியே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள்.

அக்கா அவர்களை விலக்கினார். கையில் கரண்டியோடு ஹாலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழவில்லை. "யாரு பாத்தீங்க?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "நீ பாத்தியா?" என்றார். அவள் இல்லை என்றாள். பெருமாளிடம், "அண்ணா, நீங்க பாத்தீங்களா?" என்றார். அவர் மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "குரூப்ல வந்துச்சு தங்கச்சி," என்றார். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் என்னிடம் வந்தார். "சார், நீங்க?"

"வாசல்ல ஃப்ரீசர் பாக்ஸ் வண்டி நின்னுது, அக்கா..." என்றேன். என் காதுக்கே கேவலமாக இருந்தது. அக்கா வாசலை எட்டிப் பார்த்தார். வண்டி இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எப்போதோ பின்தெருவுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஹால் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. ரவி. அக்கா எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். "அம்மா, டாக்டர் வந்து பாத்துட்டாரு. வார்டுக்கு மாத்தறாங்களாம். அப்பா கஞ்சிய கொஞ்சம் தண்ணியா எடுத்துனு வரச் சொல்றாரு," என்றான் பிள்ளை. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்த அவனுக்கு நம் குரூப்பில் நடந்தது எதுவும் தெரியாது.

யாரும் யாரையும் பார்க்காமல் வெளியே வந்தோம். ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. பெருமாள் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தார். நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போனேன். கதவைச் சாத்திவிட்டிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ப்ளெக்ஸை நிறுத்தச் சொல்லும் வேலையைப் பொருளாளர் செய்வார் என்று நானும், நான் செய்வேன் என்று அவரும் இருந்துவிட்டோம். கடையில் மெஷின் ரிப்பேராம். சரியானதும் பாக்கி வேலைகளை எல்லாம் அடித்து முடித்து, அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அதே காலையில் தெருமுனையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆளுயர ப்ளெக்ஸ். நான் பார்த்துப் பதறிக் கயிற்றை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தபோது பின்னால் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். ரவி "வேணாம்பா, வாப்பா," என்று கையைப் பிடித்து இழுத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"வாத்தியாரே, இது நீங்க எழுதினதா?"

"ஆமாம் அண்ணா."

"தமிழ் நல்லா கீது. சமாச்சாரம்தான் தப்பு," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இறந்துவிட்டதாகப் போட்டதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விரலை நீட்டி எதிரிகளைப் பற்றிய வரியைக் காட்டினார். "நான் யாரையும் ஓட வெக்கல. ஒயர் இழுத்துனு நான்தான் ஓடினேன்." பிறகு ப்ளெக்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவுத்து வூட்டுக்கு அனுப்பிடுங்க. நல்ல ஷீட்டு, வீணாக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

அந்த ஷீட்டைத்தான் அதற்குப் பிறகு ஸ்கூட்டருக்குப் போர்த்தி வைத்திருந்தார். எழுத்தும் படமும் உள்பக்கமாக, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி. ஏன் அண்ணா திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது, "வெயில்ல மூஞ்சி கறுத்துடும்," என்றார்.

கொஞ்சம் உடம்பு தேறிய பிறகு முறையாக மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். அண்ணன் நாற்காலியைக் காட்டினார். கமலா அக்கா ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். வாசகத்தை முன்கூட்டியே எழுதி வைத்ததையும் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போர்ல நான் இன்னா பண்ணேன்னு ஒரு தடவைகூட நீங்க கேட்டதில்லையே," என்றார். பிறகு அவரே சொன்னார்.

மேற்கு எல்லையில் ஒரு மத்தியானம். குண்டுவீச்சில் ஒயர் அறுந்து அறுந்து போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் இருக்கும் படைக் கம்பெனியிலிருந்து செய்தி வருகிறது, சிப்பாய் முனுசாமி இறந்துவிட்டார் என்று. அடுத்து ஆளின் ராணுவ நம்பர் வர வேண்டும். அதற்குள் லைன் போய்விட்டது. "ஒயரச் சரி பண்ணி, மறுபடியும் கேட்டு, திருப்பிச் சொல்லிட்டுத்தான் அனுப்பணும். அதான் ரூல். மேல அவசரப்படுத்தறாங்க. எனக்கு ஒரு முனுசாமியத் தெரியும். வேலூர்ப் பக்கத்துப் பையன். மொத நாளு எங்கூட டீ குடிச்சான். அவன்தான்னு நானே முடிவு பண்ணி, அவன் பேரக் குடுத்துட்டேன்." அந்தக் கம்பெனியில் முனுசாமி இரண்டு பேர். இறந்தது மற்றவர்.

"தப்புன்னு தெரிஞ்சு மறு தந்தி போறதுக்குள்ள, வேலூர்ல அவன் பொண்டாட்டிக்குப் பூவு, தாலி எடுக்கற சடங்கெல்லாம் செஞ்சு முடிச்சுட்டாங்க. செத்தவன் வூட்ல, அவன் உயிரோட கீறான்னு நெனச்சுனு பொங்கலுக்குத் துணி எடுத்துகினு இருந்தாங்க," என்றார் அண்ணன்.

உள்ளேயிருந்து கமலா அக்கா வந்து கதவில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "கல்யாணமான புதுசு. வேலூர்க் கோட்டையக் காட்டறேன்னு கூட்டினு போயி, அந்த முனுசாமி வூட்ல கொண்டுபோய் நிறுத்தினாரு. அந்த மனுசன் பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் உக்காந்துனு கீறாரு. அந்தப் பொண்ணுக்குத் தலையில பூ இல்ல. ஏம்மான்னு கேட்டேன். ஒரு வாட்டி எடுத்தப்புறம் வெக்கக் கை வரலக்கான்னுச்சு." சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். அன்று கரண்டியோடு ஹாலில் நின்று அவர் எதைக் கேட்டார், ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உட்கார்ந்திருந்த நாற்காலியே சுட்டது.

"நான்தான் அந்தச் செய்தி அனுப்பினவன்னு சொல்லத்தான் போனேன்," என்றார் அண்ணன். "அந்தப் பொண்ணு சோறு போட்டுச்சு. சாப்ட்டுட்டு வந்துட்டேன். வாய் வரல. அப்புறம் போகவே இல்ல. நீங்க அடுத்த வாரமே வந்து சொல்லிட்டீங்க. நீங்க ஒஸ்தி, வாத்தியாரே. கொடி ஏத்தறன்னிக்கு நீங்க மைக்கப் புடிச்சுனு மாவீரருன்னு சொல்லுவீங்க. எனக்கு அந்தப் பொண்ணுதான் ஞாபகம் வரும்."

கிளம்பும்போது கேட்டுவரை வந்தார். "அடுத்த தபா எழுதறப்போ இதையும் எழுதுங்க," என்றார். எழுத மாட்டேன் என்று தலையாட்டினேன். "எழுதுவேன்னு சொல்லுங்க," என்றார். "எழுதறேன் அண்ணா," என்றேன். "கரெக்ட்," என்றார். அவர் கேட்டபடி எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் அவரை ஒரு பிடி குறைத்து மதிப்பிட்டால் அது என் எழுத்தின் குறை. சொல்ல முடியாமல் போன ஒன்றை ஐம்பது வருடம் சுமந்துகொண்டு, தினமும் கத்திரிக்காய் அரைக் கிலோவைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த மனிதரை நாம் மேடைப்பேச்சுக்குப் பயன்படுத்திக்கொண்டோம். அதில் எனக்குத்தான் பெரிய பங்கு.

போன மாதம் அந்தக் காலை அவர் வீட்டுக்குள் போனபோது ரவியும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். அண்ணனைக் கட்டிலில் நேராகப் படுக்கவைத்து, வேட்டியால் தாடையைக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் கமலா அக்கா. வாசலில் வண்டி எதுவும் இன்னும் வரவில்லை.

"வாங்க சார்," என்றார் அக்கா. ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. "நல்லாப் பாருங்க."

பார்த்தேன்.

"தொட்டுப் பாருங்க."

அவர் மணிக்கட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. நகத்தோரம் கறுப்புப் பாலிஷ் கறை போகாமல் ஒட்டியிருந்தது. முந்தைய நாள் ஞாயிறு.

"இப்ப சொல்லுங்க."

"அண்ணன் இறந்துட்டார், அக்கா," என்றேன். அக்கா அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு, "கரெக்ட்," என்றார். "இப்ப போடுங்க." அதற்கப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.

வராந்தாவில் நின்று குரூப்பில் எழுதினேன். "ஏகாம்பரம் அண்ணன் இன்று காலை காலமானார். நான் பார்த்தேன்." வேறு எதுவும் எழுதவில்லை. அப்படியும் பெருமாள் எனக்குப் போன் செய்து, "நெசமாவா சார்?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான்.

காரியம் முடிந்த பிறகு ரவி ஸ்கூட்டரை ஊரப்பாக்கத்துத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். ஷீட்டு மட்டும் மடித்துக் கிடந்தது. எனக்கு வேண்டும் என்று அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எடுத்துனு போங்க. நீங்க எழுதினதுதானே," என்றார். அண்ணனிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். என் வண்டிக்குத்தான் இப்போது போர்த்துகிறேன். அவர் ஒரு வருடம் அதை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டது வெயிலுக்காக இல்லை, தெருவில் என் மானம் போகாமல் இருக்கத்தான் என்று எனக்குத் தெரியும். நான் எழுத்து வெளியே தெரியும்படி போர்த்துகிறேன்.